கிழக்குக் கரைப் பீப்பாய்

1864 டிசம்பர் 8, வியாழன்

காலை 9 மணி 40 நிமிடம். பாலத்தின் நீளம் 212 அடி. மரத்தூண் வரிசை 7. தார்ப் பீப்பாய் 9. பாலத்தின்மேல் எதிரிப் பிணம் 3. அகற்ற நேரமில்லை.

இதைத் தமிழில் எழுதுகிறேன். இந்தப் பட்டாளத்தில் ஒருவனுக்கும் வாசிக்க வராது. எலியேசர் அம்பலவாணர், வயது 24, ஊர் யாழ்ப்பாணம், சண்டிலிப்பாய். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படித்து, பாதிரியாரோடு கப்பலேறி அமெரிக்கா வந்து, பொஸ்டனில் பாலம் கட்டும் கம்பனி ஒன்றில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். அடிமை வைத்திருக்கும் தெற்கும் அது கூடாதென்கிற வடக்கும் மூன்றரை வருடமாக வெட்டிக்கொண்டு சாகிறார்கள். நான் வடக்குப் பட்டாளத்தில். கட்டப் படித்தவனுக்கு உடைக்கிற வேலை. இங்கே எல்லாரும் என்னை "எலி" என்கிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.

தாரை ஊற்றி முடித்த நேரம் கிழக்குக் கரையிலிருந்து ஒரு கூட்டம் பாலத்தில் ஓடிவந்தது. டொலிவர் என்ற பருத்தித் தோட்டக்காரனின் அடிமைகள், நாற்பத்தொரு பேர். எங்கள் கப்டன் ஹார்லன் கையை உயர்த்தி, நெருப்பு வைப்பதை நிறுத்தச் சொன்னார். ஆறு நிமிடம் வீண். பின்னால் கங்காணி துவக்கோடு வந்து, கரையில் நின்றபடி சுட்டான். கடைசியாக ஓடிவந்த இரண்டு பேர் பாலத்திலேயே விழுந்தார்கள். ஒருவனுக்குத் தாடை இல்லை. எங்கள் ஆட்கள் கங்காணியைச் சுட்டார்கள். மூன்றாவது குண்டில்தான் விழுந்தான்.

ஓடிவந்தவர்களில் நெடுவலான ஒருவன் நேரே என்னிடம் வந்தான்.

"ஐயா, இந்தப் பாலத்தை மரம் மரமாத் தூக்கி வைச்சது நான். நெருப்பு வைச்சால் கருகும், விழாது. நாலாம் தூணில ரெண்டு இரும்பாணி. முதல் அதைக் கழட்டுங்கோ."

"உன்ர பேர்?"

"பிறைமஸ். தச்சன்."

சொன்னபடி கழற்றினோம். 38 நிமிடத்தில் முழுப் பாலமும் ஆற்றில் கிடந்தது. என் கணக்கில் ஒன்றரை மணி நேரம் போட்டிருந்தேன். எனக்கு எரிச்சல்.

தாடை இல்லாமல் கிடந்தவன் பிறைமஸின் தம்பியாம். நெருப்பு வைக்கும் முன்பே, எடுத்துவரச் சொல்லவா என்று கப்டன் கேட்டிருந்தார். "வேண்டாம் ஐயா, பாலத்தோட போகட்டும். அவங்களின்ர கையில கிடைக்கக் கூடாது" என்றான்.

பாலத்தோடு போன பிணம் 5.

டிசம்பர் 9

மழை. காலில் கொப்புளம். இன்னொரு பாலம், 90 அடி. 21 நிமிடம்.

1865 ஏப்ரல் 14, வெள்ளி

தெற்கு சரணடைந்து ஐந்து நாளாகிறதாம். செய்தி இன்றுதான் வந்தது. முகாம் முழுக்கக் குடித்துவிட்டு வானத்தைச் சுட்டது. திரும்பி விழுந்த குண்டொன்று சமையற்காரனின் தோளில். அடிமைத்தனம் ஒழிந்தது என்று ஆளுக்காள் கட்டிப்பிடித்தார்கள். நான் உடைத்த பாலம் 31. இனி இவ்வளவையும் எந்த மடையன் கட்டப்போகிறான்?

1866 ஜூலை 2, திங்கள்

நான்தான்.

அதே ஆறு. ஏழு வரிசைக் கரிக்கட்டைகள் தண்ணீருக்கு மேலே பல் விழுந்த வாய் மாதிரி. கப்டன் ஹார்லன் இப்போது ரயில் பாதை மீள்கட்டலுக்குப் பொறுப்பு. "உடைச்சவர் நீர், கட்டுறவரும் நீர். நியாயம்தானே, எலி?" என்று சிரித்தார்.

வேலையாட்கள் 22, எல்லாரும் விடுதலையான அடிமைகள். தலைவன் பிறைமஸ். அவன் மனைவி வைனி சமையல். காவலுக்கு கோப்ரல் ரூனியும் ஐந்து சிப்பாய்களும். கூடாரம், அடுப்பு, துவக்கு எல்லாம் மேற்குக் கரையில். கிழக்குக் கரை டொலிவரின் பருத்தி நிலம். பாதையின் நடுக்கோட்டிலிருந்து இருபக்கமும் ஐம்பது அடி மட்டும் ரயில் கம்பனிக்குச் சொந்தம். கரைக்குக் கரை ஒரு நடைபலகை போட்டிருக்கிறோம். அகலம் பத்து அங்குலம். நடுவில் ஒரு நேரத்தில் ஓர் ஆளைத்தான் தாங்கும்.

பிறைமஸ் வந்ததும் வராததுமாகத் தொடங்கிவிட்டான். "நாலாம் தூண் இந்தமுறை நான் சொல்லுற இடத்தில, ஐயா."

"ஏன்?"

"போனமுறை டொலிவர் துரை காட்டின இடத்தில நட்டது. மழைக்கு மழை ஆடினது."

அளந்து பார்த்தேன். சரிதான்.

ஜூலை 11, புதன்

வெயில் தலையைப் பிளக்கிறது. குடிக்க ஒரே பீப்பாய், நீளப் பிடி வைத்த ஒரே தகரப்பேணி. பகல் 11 மணிக்குப் பிறைமஸ் மொண்டு குடித்தான். பேணியை கோப்ரல் ரூனியிடம் கொடுத்தான். ரூனி துடைக்கக்கூட இல்லை, அதே விளிம்பில் வாயை வைத்து உறிஞ்சினான். பிறகு என்னிடம் நீட்டினான்.

தாகமில்லை என்றேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

ஜூலை 12, வியாழன்

பீப்பாயடியில் நெரிசல். வேலை நேரம் வீணாகிறது. வேலையாட்களுக்கென்று தனிப் பீப்பாய் வரவழைத்துக் கிழக்குக் கரையில், பெரிய ஓக் மரத்தடியில் வைப்பித்தேன். நடுக்கோட்டிலிருந்து 31 அடி. ரயில் எல்லைக்குள்தான். ஆளுக்கு ஒரு தடவைக்கு நாலு நிமிடம் மிச்சம்.

இரண்டு திருகாணி குறைகிறது. கடிதம் போட வேண்டும்.

ஜூலை 13, வெள்ளி

பிறைமஸ் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "ஐயா, நாங்கள் இப்ப ரெண்டாம் தூணில நிக்கிறம். மேற்குக்கு எழுபது அடி. கிழக்குக்கு நூற்றி நாப்பது. நாலு நிமிசம் எப்பிடி மிஞ்சும்?"

"நெரிசல் குறையும்."

"துவக்கெல்லாம் இந்தக் கரையில. அந்தக் கரை டொலிவரின்ர வாசல்."

"சண்டை முடிஞ்சு ஒரு வரியம் ஆச்சுது, பிறைமஸ்."

கோடாலியைத் தோளில் போட்டான். போய்விட்டான். ஒரு முடிவை இரண்டு தடவை விளக்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஜூலை 15, ஞாயிறு

ஓய்வு நாள். சட்டை துவைத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளை மூக்குப்பேணியில் தண்ணீர் வார்த்து அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தபோது வைனி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இதென்ன துரை, கோழி வானம் பாக்கிற மாதிரி?"

"எங்கட ஊர் வழக்கம். வாய் படாமல் குடிக்கிறது. சுத்தம்."

"ஆரின்ர வாய் ஊத்தை எண்டு?"

நான் மூக்குப்பேணியைத் துடைத்தேன். அவள் விடவில்லை.

"உங்கட ஊரிலயும் எங்களை மாதிரி ஆக்கள் இருந்தவையோ?"

"கறுப்பரோ?"

"நிறம் கேக்கேல்லை. வாங்கி வித்த ஆக்கள்."

"இல்லை" என்றேன்.

பொய்யில்லை. இலங்கையில் சட்டம் போட்டு அடிமையை ஒழித்தபோது எனக்கு வயது நாலு. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ஆளான சின்னானும் அவன் குடும்பமும் எங்கள் வயலில் நெல்லுக்குத்தான் வேலை செய்தார்கள். முன்பும் நெல்லுக்குத்தான். அதோடு நான் கிறிஸ்தவன். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். (வயல் வேலைக்காரரின் பிள்ளைகளைச் சேர்த்த வருடம் நாங்கள் பதினொரு பேர் மூன்று மாதம் போகவில்லை. அது வேறு கதை.)

ஜூலை 24, செவ்வாய்

டொலிவர் குதிரையில் வந்தார். பின்னால் அவருடைய மருமகன், இடுப்பில் இரண்டு பிஸ்டல். கிழவர் மரியாதையானவர். தொப்பியைக் கழற்றினார்.

"பஞ்சு எடுக்கிற காலம் வருகுது, எஞ்சினியர். என்ர ஆக்கள் உம்மட பாலத்தில நிக்கினம்."

"அவை இப்ப உங்கட ஆக்கள் இல்லை."

"கடதாசியில இல்லை." சிரித்தார். "பாலம் முடிஞ்சால் ரயில் வரும். ரயில் வந்தால் மிச்சம் இருக்கிறதும் ஏறிப் போயிடும். நீர் படிச்ச ஆள். எங்கையோ கிழக்கத்திய நாட்டில நல்ல குடும்பத்துப் பிள்ளை எண்டு பாத்தாலே தெரியுது. உமக்கு விளங்கும்."

நாலாம் தூண் நட்டாயிற்று. ஆடவில்லை.

ஆகஸ்ட் 3, வெள்ளி

வேலையாட்களில் ஜூபா என்பவனைக் காணவில்லை என்று தேடினோம். காலை ஏழரைக்குக் கிழக்குக் கரையில், பீப்பாய்க்கு முந்நூறு அடி தள்ளி, பைன் மரத்தில் தொங்கினான். இரண்டு கையும் மணிக்கட்டோடு வெட்டப்பட்டிருந்தன. கைகள் மரத்தடியில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன.

அவனை இறக்கிவிட்டுப் பிறைமஸ் இரத்தத்தோடு அப்படியே என் கூடாரத்துக்கு வந்தான். இந்த முறை "ஐயா" இல்லை.

"பீப்பாயை இந்தக் கரைக்குக் கொண்டாங்கோ. இல்லாட்டி ரெண்டு சிப்பாயை அங்க போடுங்கோ."

"சிப்பாய் ஆறு பேர்தான். பிரிக்க ஏலாது."

"அப்ப பீப்பாய்?"

"இன்னும் ஒரு மாசத்தில தூண் வேலை முடியும். இப்ப ஒழுங்கைக் குழப்ப வேண்டாம்."

ஆட்கள் 21.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

பகல் 12 மணி 10 நிமிடம். ஆட்கள் 21 பேரும் பீப்பாயடியில். சிப்பாய்கள் ஆறு பேரும் நானும் மேற்குக் கரையில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம்.

பருத்திக்குள்ளிருந்து குதிரைகள் வந்தன. பதினெட்டு. முகத்தை மறைக்கக்கூட இல்லை. முதல் குண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவனின் கழுத்தில். இரண்டாவது யாருக்கென்று தெரியவில்லை. அதன் பிறகு எண்ண முடியாத வேகம். ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினான். குதிரைக்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டே அவனோடு சுற்றினான், பிறகு சுட்டான்.

மற்றவர்கள் நடைபலகைக்கு ஓடிவந்தார்கள். நாலு பேர் ஒன்றாக ஏறினார்கள். நடுவில் பலகை வளைந்து நாலு பேரையும் ஆற்றில் கொட்டிவிட்டு நிமிர்ந்தது. ஒருவனும் மேலே வரவில்லை. ஆற்று வேகம் நொடிக்கு ஆறு அடி. நானே அளந்தது.

"சுடு!" என்று கத்தினேன். ரூனி துவக்கைத் தூக்கினான், இறக்கினான். "எங்கட ஆக்கள் நடுவில நிக்கிறாங்கள், எலி! ஆரைச் சுட?"

பிறைமஸ் பலகையின் கிழக்கு முனையில் முதுகை எங்களுக்குக் காட்டி நின்றான். கையில் அகலக் கோடாலி. "ஒராள் ஒராளா! ஒராள் ஒராளா போங்கோ!" என்ற அவன் சத்தம் இந்தக் கரைக்குக் கேட்டது. டொலிவரின் மருமகன் குதிரையை அவன்மேல் ஏற்றினான். பிறைமஸ் விலகி, குதிரையின் முன்காலை வெட்டினான். விழுந்தவன் பிஸ்டலை எடுத்தான். பிறைமஸின் இடது தோளில் சுட்டான். பிறைமஸ் ஒரு கையால் கோடாலியை இறக்கினான். தலை தோள்வரை பிளந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மரம் பிளக்கிற அதே நிலைப்பாடு, அதே கால் வைப்பு.

ஒன்பது பேர் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பத்தாவதாக, கடைசியில், பிறைமஸ். அதன் பிறகுதான் ரூனியின் ஆட்களால் சுட முடிந்தது. குதிரைக்காரர்கள் போய்விட்டார்கள்.

மொத்தம் ஏழு நிமிடம். மரத்தடியில் செத்தவர் 7. ஆற்றில் 4.



ஆகஸ்ட் 15

குழி வெட்டினோம். ஆற்றில் போனவர்களில் இரண்டு பேர் கிடைத்தார்கள். மற்ற இரண்டு பேர் இல்லை. என் பெயர்ப் பட்டியலில் அவர்களுக்கு இலக்கம்தான் இருக்கிறது: 4, 17.

ஆகஸ்ட் 18, சனி

ஷெரீப் இருபது பேரோடு வந்து பிறைமஸைக் கொண்டுபோனார். கொலைக் குற்றம். டொலிவருக்காக வாதாடும் அப்புக்காத்து சொல்வது இது: பாலத்து ஆட்கள் கோடாலிகளோடு அத்துமீறி டொலிவரின் நிலத்தில் புகுந்தார்கள், அவருடைய ஆட்கள் நிலத்தைக் காத்தார்கள், அந்த நேரம் பிறைமஸ் மருமகனைக் கொன்றான். வழக்கு 28ஆம் திகதி. தூக்குமேடைக்கு மரம் இப்போதே அறுக்கிறார்கள். அந்த ஊரில் நல்ல தச்சன் இல்லை. இழைப்பு மோசம்.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

கப்டன் ஹார்லன் வந்தார். கோப்ரல் ரூனியையும் சிப்பாய்களையும் நேற்றே வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். மேலிடத்து உத்தரவு. மாவட்ட நீதிமன்றத்து விசயத்தில் பட்டாளம் இனித் தலையிடாதாம்.

"அவங்கள் அங்க நிண்டது ரயில் எல்லைக்குள்ள, கப்டன். தண்ணி குடிக்க. நான் வைக்கச் சொன்ன பீப்பாய்."

"எழுத்தில இருக்கோ?"

"என்ர நாட்குறிப்பில."

"எந்தப் பாசையில?"

"தமிழில."

"அப்ப இல்லை" என்றார். "கேளும், எலி. கறுப்பர் சொல்லுறது இங்க எடுபடாது. நீர் சொன்னால் எடுபடும். சொன்னால் பிறைமஸ் தப்பவும் கூடும். ஆனால் அடுத்த கேள்வி என்ன? ஆயுதமில்லாத ஆக்களை, ஒருத்தனைத் தூக்கில போட்ட பிறகும், அந்தக் கரைக்கு ஏன் அனுப்பினீர் எண்டு. அதுக்கு உம்மட்ட மறுமொழி இருக்கோ?"

"நாலு நிமிசம்."

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "ஒக்டோபரில முதல் ரயில். பாலத்தை முடியும். மற்றதை விடும்."

ஐந்தாம் தூண் குறுக்குச் சட்டம் பொருத்தினோம்.

ஆகஸ்ட் 23

ஆறாம் தூண்.

ஆகஸ்ட் 25, சனி

ஏழாம் தூண். வேலை குறித்த நாளுக்கு முன்னால் போகிறது.

காலை எட்டு மணிக்கு வைனி வந்தாள். சிறையில் பிறைமஸைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். தோள் சீழ் வைத்துவிட்டதாம். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"செவ்வாய்க்கிழமை வழக்கில என்ன சொல்லப்போறீர்?"

"பீப்பாய் முப்பத்தொரு அடியில இருந்தது. எல்லை ஐம்பது அடி. அளவை..."

"அளவு கேக்கேல்லை. ஏன் வைச்சனீர்?"

"நெரிசல்..."

"துரை." சத்தம் போடவில்லை. "எனக்கு முதல் நாளே தெரியும். எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக்காரன் ரூனி குடிச்சான், நீர் குடிக்கேல்லை. அண்டைக்குப் பின்னேரம் எங்கட பெடியள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவங்கள். சிரிச்சுக்கொண்டுதான் அந்தக் கரைக்குப் போய்க் குடிச்சவங்கள்."

நான் கூடாரத்தின் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்குச் சொல்ல வேண்டாம்" என்றாள். "அங்க, வாயால சொல்லோணும். நெரிசல், நிமிசம் எண்டால் அந்த அப்புக்காத்து ரெண்டு கேள்வியில உம்மைக் கிழிச்சுப் போடுவான். பொய் எண்டு எல்லாருக்கும் விளங்கும். உண்மையைச் சொன்னால்தான் நம்புவாங்கள்."

செத்தவர்களின் பெயரைக் கேட்டேன். நின்றபடியே சொன்னாள். எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

எனக்கு ஏழு வயதிருக்கும். சின்னான் தண்ணீர் கேட்டால் நான்தான் வார்ப்பேன். அவன் சிரட்டையை இரண்டு கையாலும் ஏந்திக் குனிந்து நிற்பான், நான் உயரத்திலிருந்து ஊற்றுவேன். தெறிக்காமல் ஊற்றுவது ஒரு கெட்டித்தனம். ஒரு நாள் வீட்டில் யாருமில்லை என்று நினைத்துக் கிணற்று வாளியைத் தானே தொட்டுவிட்டான். என் அப்பு பனங்கருக்கு மட்டையால் தொட்ட கையில் அடித்தார். அந்தக் கையில் இரண்டு விரல் பிறகு மடங்கவே இல்லை. அந்தக் கையோடுதான் மறுநாளும் வயலுக்கு வந்தான்.

வாளியைச் சாம்பல் போட்டு விளக்கினது நான். மூன்று தடவை விளக்கினேன். ஒருவரும் சொல்லவில்லை. நானாகத்தான்.

1866 ஆகஸ்ட் 28, செவ்வாய், காலை 5 மணி 30 நிமிடம்

வழக்கு பத்து மணிக்கு. ஊர் ஒன்பது மைல். செய்யவேண்டியவை:

1. வரைபடத்தில் பீப்பாய் இருந்த இடத்தைச் சிவப்பு மையால் குறிப்பது. எல்லையிலிருந்து உள்ளே 19 அடி. நீதவான் கையில் கொடுப்பது. அப்புக்காத்தின் கையில் கொடுக்கக் கூடாது.

2. கப்டனுக்குக் கடிதம், இரண்டு வரி. இனி இந்தப் பாலத்துக்கு நான் பொறுப்பில்லை. மீதி வேலை பிறைமஸுக்குத் தெரியும், அவன் உயிரோடு வந்தால்.

3. கேட்பதற்கு முன்னாலேயே சொல்வது: பீப்பாயை வைக்கச் சொன்னவன் நான். பிறைமஸ் இரண்டு தடவை மறுத்தான். இரண்டாவது தடவை அவன் உடம்பில் ஜூபாவின் இரத்தம் இருந்தது.

4. ஏன் என்று அப்புக்காத்து கேட்பான். நாலு நிமிடம் என்று சொல்லக் கூடாது. அவர்கள் வாய் வைத்த பேணி என் தண்ணீரில் விழக்கூடாதென்று வைத்தேன் என்று சொல்வது. இங்கிலிஷில் எழுதி மூன்று தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் கடைசிவரை போக முடிந்தது.

5. அதைச் சொன்னதும் அங்கே ஒருவரும் திடுக்கிடப் போவதில்லை. அவர்களுக்கு அது மிகவும் நியாயமான காரணம். டொலிவர், தன் வழக்கு போனாலும், என்னைப் பார்த்துத் தலையாட்டுவார். விளங்குகிறது என்பது மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது.

6. பெயர்கள். இலக்கமில்லாமல். பெரிய மோசஸ், சின்ன மோசஸ், லண்டன், சிப்பியோ, கஃபி, ஏப்ரம், நெட், பிரின்ஸ், ஹெக்டர், ஐசம், டான். நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாமல்.

7. நீதிமன்றத்துக்கு இரண்டு வாசல். பிறைமஸை விட்டால் வைனி பின்வாசலால் வண்டியில் ஏற்றுவாள். காயத்தைக் கட்டி ஏற்றிக் கண்ணில் படாத தூரம் போக எட்டு நிமிடம் வேண்டும். டொலிவரின் ஆட்கள் முன்வாசலில் நிற்பார்கள். அவர்களின் கண் என்மேலேயே இருக்க நான் முன்வாசலால் வரவேண்டும். படி பதினாறு. மெதுவாக இறங்க வேண்டும்.